காசு கொடுத்தவருக்கே பூட்டு

எங்கள் தெருவில் நான்கு வீடு தள்ளியிருக்கும் பெண், சி.ஏ. இன்டர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். நாள்தோறும் சென்னைக்குப் போய் நேரடி வகுப்பில் உட்கார வசதியில்லை. வீடியோ வகுப்புகள் அடங்கிய பென்டிரைவ் ஒன்றை அவளுடைய அப்பா வாங்கிக் கொடுத்தார். விலை ரூ.18,000. ஜவுளிக்கடையில் வேலைபார்க்கும் அவருக்கு அது ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம். கூரியரில் வந்த டப்பாவைப் பிரித்த அன்று மாலையே, லேப்டாப்பைக் கையில் பிடித்தபடி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். “மாமா, எந்த கிளாஸும் ஓட மாட்டேங்குது. கொஞ்சம் பாருங்களேன்.”

அது அவளுடைய அண்ணன் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த லேப்டாப். ஹார்ட் டிஸ்க் பழுதாகி மாற்றியபோது, விண்டோஸுக்குத் தனியாகப் பணம் கேட்பார்கள் என்பதால் சர்வீஸ் கடைக்காரர் லினக்ஸ் போட்டுக் கொடுத்திருக்கிறார். இரண்டு ஆண்டுகளாக அவள் அதில்தான் படிக்கிறாள், கணக்குப் போடுகிறாள், பாட்டும் கேட்கிறாள். எந்தக் குறையும் இல்லை.

பென்டிரைவைச் செருகினேன். பாடவாரியாகக் கோப்புகள் வரிசையாகத் தெரிந்தன. ஒவ்வொன்றும் அரை ஜி.பி.க்கு மேல். ஒன்றைத் திறந்தால் கறுப்புத் திரை எட்டிப்பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. படம் உள்ளே இருக்கிறது. ஆனால் குலைத்து வைக்கப்பட்டிருக்கிறது. குலைத்ததைச் சேர்க்கும் சாவி, கூடவே வந்த செயலிக்குள் இருக்கிறது. அந்தச் செயலி விண்டோஸில் மட்டுமே ஓடும். விண்டோஸ் செயலிகளை லினக்ஸில் ஓடவைக்கும் ‘வைன்’ மூலம் முயன்றேன்; பதிவு எண்ணைக் கேட்டுவிட்டு நின்றுவிட்டது. என் கணினியில் மெய்நிகர் கணினி ஒன்றை உருவாக்கி, அதற்குள் விண்டோஸை வைத்து முயன்றேன். ‘மெய்நிகர் கணினியில் இந்தச் செயலி இயங்காது’ என்று சிவப்பு எழுத்தில் வந்தது. உதவி எண்ணுக்குப் பேசினோம். “விண்டோஸ்ல போட்டாத்தான் சார் ஓடும். கண்டிஷன்ஸ்ல போட்டிருக்கோம்” என்றார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டால், சீல் உடைத்தாயிற்றே என்றார்கள்.

பத்து நாள் கழித்து அவள் மறுபடி வந்தாள். அதே ஆசிரியரின் அதே வகுப்புகளை யாரோ ஒருவர் செல்போன் குழுவில் ரூ.400-க்கு விற்கிறாராம். சாதாரண எம்.பி.4 கோப்பு. தோழி அனுப்பிய மாதிரி வகுப்பு, அவளுடைய லேப்டாப்பில் மறுபேச்சில்லாமல் ஓடியது. “தப்புன்னு தெரியுது மாமா. ஆனா நாங்கதான் முழுக் காசும் கொடுத்திருக்கோமே?” என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. திருடியவரின் கையில் இருக்கும் கோப்பு எல்லாக் கணினியிலும் ஓடுகிறது. விலை கொடுத்தவரின் கையில் இருப்பது ஓடவில்லை. இந்த அநியாயத்துக்குக் கால் நூற்றாண்டுக்கும் மேலான வரலாறு இருக்கிறது. அது தொடங்கிய இடம் டி.வி.டி.

1996 நவம்பரில் ஜப்பானிலும் 1997-ல் அமெரிக்காவிலும் டி.வி.டி. கடைக்கு வந்தது. வட்டின் உள்ளடக்கத்தை அப்படியே நகலெடுத்துவிடுவார்களே என்ற அச்சத்தில், சி.எஸ்.எஸ். என்ற குலைப்பு முறையைத் திரைப்பட நிறுவனங்களும் மின்னணு நிறுவனங்களும் சேர்ந்து உருவாக்கின. ஏற்பாடு இதுதான். வட்டில் உள்ள படம் ஒரு சாவியால் பூட்டப்பட்டிருக்கும். அந்தச் சாவி இன்னொரு சாவியால் பூட்டப்பட்டு, அதே வட்டில் ஒரு மூலையில் இருக்கும். அதைத் திறக்கும் சாவி பிளேயரைத் தயாரிக்கும் நிறுவனத்திடம் இருக்கும். உரிமக் கட்டணம் கட்டி, ரகசியம் காப்பதாகக் கையெழுத்திட்ட நிறுவனத்துக்கே அது கிடைக்கும்.

இங்கேதான் லினக்ஸ் வெளியே நின்றது. லினக்ஸ் எந்தத் தனி நிறுவனத்தின் சொத்தும் அல்ல. உலகெங்கும் உள்ளவர்கள் சேர்ந்து எழுதி, மூலநிரலை எல்லோர் கண்ணுக்கும் திறந்து வைத்திருப்பது. ரகசியம் காப்பதாக யார் கையெழுத்திடுவது? திறந்து வைத்த நிரலுக்குள் ரகசியச் சாவியை எங்கே ஒளிப்பது? கணினியில் டி.வி.டி. டிரைவ் இருக்கும், கடையில் காசு கொடுத்து வாங்கிய வட்டு இருக்கும், படம் மட்டும் வராது. வட்டில் கீறல் இல்லை, டிரைவில் பழுதில்லை, அனுமதிதான் இல்லை.

நார்வேயில் யோன் லெக் யோஹான்சன் என்ற 15 வயதுப் பையனும், இணையத்தில் மட்டுமே அவனுக்கு அறிமுகமான இன்னும் இருவரும் 1999 அக்டோபரில் இந்தப் பூட்டைத் திறந்தார்கள். ஜிங் என்ற நிறுவனத்தின் விண்டோஸ் பிளேயர், தன்னிடம் இருந்த சாவியைச் சரியாக மறைத்து வைக்கவில்லை. அதைக் கொண்டு எழுதப்பட்ட சிறு செயலிதான் டீசிஎஸ்எஸ். லினக்ஸில் டி.வி.டி. பார்க்க வழிதேடிக்கொண்டிருந்த நிரலாளர்களின் கைக்கு அது போய்ச் சேர்ந்தது. அடுத்த சில வாரங்களில் பிராங்க் ஸ்டீவன்சன் என்பவர் இன்னொன்றையும் காட்டினார். சி.எஸ்.எஸ். சாவியின் நீளம் 40 பிட். அதாவது ஏறத்தாழ 1.1 லட்சம் கோடிச் சாவிகள் சாத்தியம். ஆனால் முறையின் கட்டமைப்பே பலவீனமாக இருந்ததால், எந்த நிறுவனத்தின் சாவியும் கையில் இல்லாமலேயே சாதாரண வீட்டுக் கணினியால் வட்டைத் திறந்துவிட முடியும். அன்றோடு அந்தப் பூட்டு, பூட்டாக இருப்பதை நிறுத்திக்கொண்டது.

பூட்டு போனது, வழக்கு வந்தது. 2000 ஜனவரி 24 அன்று, நார்வேயின் பொருளாதாரக் குற்றப் பிரிவுப் போலீஸார் யோஹான்சன் வீட்டைச் சோதனையிட்டுக் கணினிகளை எடுத்துச் சென்றார்கள். அமெரிக்கத் திரைப்பட நிறுவனங்களின் அமைப்பு கொடுத்த புகாரின் விளைவு அது. 2002-ல் அவன்மீது குற்றம்சாட்டப்பட்டது. பாதுகாப்பை உடைத்துப் பிறருடைய தகவல் கிடங்கைத் திறப்பதற்கு எதிரான சட்டப் பிரிவின் கீழ் வந்த குற்றச்சாட்டு அது. இரண்டு ஆண்டுவரை சிறை கிடைக்கலாம். டீசிஎஸ்எஸ் விண்டோஸில் ஓடும் செயலிதானே, இதில் லினக்ஸ் எங்கே வந்தது என்று கேட்டது அரசுத் தரப்பு. டி.வி.டி.யின் கோப்பு அமைப்பை அன்றைய லினக்ஸால் சரியாகப் படிக்க முடியவில்லை. அதனால்தான் முதலில் விண்டோஸில் எழுத நேர்ந்தது என்பது யோஹான்சனின் பதில்.

2003 ஜனவரி 7-ல் ஓஸ்லோ நீதிமன்றம் அவரை விடுவித்தது. மேல்முறையீட்டிலும் அதே ஆண்டு டிசம்பர் 22-ல் விடுதலை. நீதிமன்றம் முன்வைத்த காரணம் எளியது. வட்டை அவர் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார். தன்னுடைய வட்டில் உள்ள படத்தைப் பார்க்க அவருக்கு உரிமை இருக்கிறது. அதை எந்தக் கருவியில் பார்ப்பது என்பதை விற்றவர் தீர்மானிக்க முடியாது. தன் பெட்டியைத் தானே திறப்பவர்மீது பூட்டை உடைத்த குற்றம் எப்படி வரும்?

பிறகு ஐரோப்பிய ஒன்றியத்தின் பதிப்புரிமை உத்தரவுக்கு ஏற்பத் தன் சட்டத்தை 2005-ல் திருத்தியபோதும், நார்வே இந்த நியாயத்தைக் கைவிடவில்லை. பூட்டை உடைப்பதைத் தடைசெய்துவிட்டு, முறையாகப் பெற்ற படைப்பை, அதற்கு உரியதாகப் பொதுவாகக் கருதப்படும் கருவியில் தனிப்பட்ட முறையில் அனுபவிப்பதற்கு அந்தத் தடை குறுக்கே நிற்காது என்றும் எழுதிவைத்தது. ஒரு நாடாளுமன்றம் நினைத்தால் இதை ஒற்றை வாக்கியத்தில் தீர்க்க முடியும் என்பதற்காகவே இதை இங்கே சொல்கிறேன்.

அமெரிக்கா வேறு பாதையில் போனது. அங்கே 1998-ல் வந்த டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டம், பூட்டைத் திறப்பதையும் திறக்கும் கருவியைப் பரப்புவதையும் தடுத்தது. டீசிஎஸ்எஸ் நிரலை வெளியிட்ட ‘2600’ என்ற இதழின்மீது எட்டுத் திரைப்பட நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. 2000 ஆகஸ்டில் நீதிபதி லூயிஸ் காப்லன் வெளியீட்டைத் தடைசெய்தார். அந்த நிரல் இருக்கும் பிற தளங்களுக்குத் தெரிந்தே இணைப்பு கொடுப்பதும் கூடாது என்றார். லினக்ஸில் படம் பார்க்கத்தான் இது தேவைப்பட்டது என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. 2001 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. கார்னகி மெலன் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் டவுரெட்ஸ்கி, அதே நிரலைச் சாதாரண ஆங்கில உரைநடையாகவும் கவிதையாகவும் படமாகவும் எழுதப்பட்ட வடிவங்களில் திரட்டிக் காட்சிக்கு வைத்தார். நிரலும் பேச்சுதானே, பேச்சை எங்கே நிறுத்தித் தடுப்பீர்கள் என்பது அவருடைய கேள்வி. சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டவர்களும் உண்டு.

இத்தனை வழக்குக்கும் பிறகு என்ன நடந்தது? பாரிஸில் ஒரு பொறியியல் கல்லூரியின் மாணவர் திட்டமாகப் பிறந்த வி.எல்.சி. பிளேயர், டி.வி.டி.யைத் திறக்கும் தனி நிரலகத்தோடு உலகெங்கும் பரவியது. இன்று லினக்ஸில் டி.வி.டி. பார்க்க முடிகிறது என்றால் அந்த நிரலகம்தான் காரணம். ஆனால் அது பெரும்பாலான லினக்ஸ் பதிப்புகளோடு சேர்ந்து வருவதில்லை. எந்த நாட்டில் எந்தச் சட்டம் பாயுமோ என்ற தயக்கத்தில், பயனரே தனியாக இறக்கிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். டெபியன் என்ற லினக்ஸ் பதிப்பில் டெர்மினலைத் திறந்து இரண்டு கட்டளை தட்ட வேண்டும். தெரிந்தவருக்கு ஒரு நிமிட வேலை. தெரியாதவருக்கு அன்றைக்குப் படம் இல்லை.

திருட்டு நின்றதா என்றால், அதுவும் இல்லை. சென்னை பர்மா பஜாரில் திருட்டு வட்டுகள் குவிந்திருந்த காலத்தை நேரில் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தொழிற்சாலையில் வட்டை அச்சடிப்பவர் எந்தப் பூட்டையும் திறக்க வேண்டியதில்லை; பூட்டோடும் சாவியோடும் அப்படியே பிரதியெடுத்துவிடலாம். தியேட்டரில் கேமரா வைத்துப் பதிவுசெய்பவருக்கோ இந்தக் குலைப்பு முறை குறுக்கே வருவதே இல்லை. 2004-ல் தமிழக அரசு திருட்டு விசிடி தயாரிப்பவர்களைக் குண்டர் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. திருட்டை எதிர்கொள்ள அரசும் திரையுலகமும் நம்பியது, திருடனைப் பிடிக்கும் சட்டத்தைத்தான்.

படைப்பாளியின் வயிற்றில் அடிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரு வகுப்பைப் பதிவுசெய்ய அந்த ஆசிரியர் பல மாதம் உழைத்திருப்பார். அவருடைய பாடத்தை ரூ.400-க்கு விற்கிறவன் திருடன்தான். பிடிபட்டால் தண்டிக்கப்பட வேண்டியவன்தான். ஆனால் அந்தத் திருடனைப் பூட்டு தடுக்கவில்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரே ஒருவர், ஒரே ஒரு முறை திறந்தால் போதும். அதன்பிறகு பிரதி, பூட்டு இல்லாமலேயே ஊர் சுற்றும். மீதமுள்ள எல்லாப் பூட்டுகளும் முறையாக வாங்கியவர்களின் கணினிகளில் மட்டுமே வேலைசெய்துகொண்டிருக்கும். எங்கள் தெருப் பெண்ணுக்கு நேர்ந்தது இதுவேதான்.

பூட்டோடு இன்னொரு அபாயமும் வருகிறது. சாவி விற்றவரிடம் இருப்பதால், அவர் கடையை மூடும் நாளில் நம் பொருளும் மூடிக்கொள்ளும். மைக்ரோசாப்ட் நிறுவனம் தன்னுடைய மின்னூல் கடையை 2019-ல் மூடியபோது, விற்ற நூல்கள் வாசகர்களின் கருவிகளில் திறக்காமல் போயின. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள் என்பது உண்மை. ஆனால் ஓரத்தில் குறிப்பெழுதிப் படித்த புத்தகத்தைப் பணத்தால் திருப்ப முடியுமா?

வட்டுக் காலம் முடிந்துவிட்டது, இப்போது எல்லாம் ஓ.டி.டி.தானே, இனி என்ன பிரச்சினை என்று நினைக்கலாம். பிரச்சினை இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். நெட்பிளிக்ஸைப் பல ஆண்டுகள் லினக்ஸில் முறைப்படி பார்க்கவே முடியாமல் இருந்தது. குரோம் உலாவி வழியாக 2014-ல்தான் வழி திறந்தது. உலாவிக்குள்ளேயே பூட்டுக்கு இடம் ஒதுக்கும் தரநிலையை, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி கூட்டமைப்பு 2017 செப்டம்பரில் ஏற்றுக்கொண்டது. வாக்களித்தவர்களில் 108 உறுப்பினர்கள் ஆதரவு, 57 உறுப்பினர்கள் எதிர்ப்பு. ஒருமித்த கருத்தில் நடந்துவந்த அமைப்பில் இது பெரிய பிளவு. இணைய உரிமைகளுக்காக வாதாடும் எலெக்ட்ரானிக் பிரான்டியர் பவுண்டேஷன் அன்றே அதிலிருந்து விலகியது.

இன்றும் பல ஓ.டி.டி. சேவைகளில், லினக்ஸ் கணினியில் உயர்தெளிவுப் படம் வருவதில்லை. கூகுளின் ‘வைட்வைன்’ பூட்டில் படிநிலைகள் உண்டு. சிப்புக்குள்ளேயே படத்தைத் திறக்கும் கருவிக்கு முதல் படி. மென்பொருளில் திறக்கும் கருவிக்குக் கடைசிப் படி. மேசைக்கணினி லினக்ஸுக்கு வாய்ப்பது கடைசிப் படிதான். சந்தா எல்லோருக்கும் ஒன்று, படத்தின் தரம் வேறு. இதைத் தொழில்நுட்ப இயலாமை என்று சொல்ல முடியாது. ஆண்ட்ராய்டு செல்போனின் அடிக்கருவும் லினக்ஸ்தான். அதில் அதே படம் முழுத் தெளிவோடு வருகிறது. ஆண்ட்ராய்டு கருவியின் கடிவாளம் தயாரிப்பாளர் கையில் இருக்கிறது. மேசைக்கணினி லினக்ஸில் அது பயனரின் கையில் இருக்கிறது. வேறுபாடு அங்கேதான். தன் கணினியைத் தானே ஆள்கிறவரை இந்த ஏற்பாடு நம்ப மறுக்கிறது.

இனி நம் நாட்டுச் சட்டத்துக்கு வருகிறேன். பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு, தொழில்நுட்பப் பூட்டை உடைப்பதற்கு இரண்டு ஆண்டுவரை சிறையும் அபராதமும் விதிக்கிறது. ஆனால் அதில் முக்கியமான ஒரு நிபந்தனை இருக்கிறது. பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு உடைத்தால்தான் குற்றம். சட்டம் வெளிப்படையாகத் தடைசெய்யாத ஒரு காரியத்துக்காகத் திறந்தால் இந்தப் பிரிவு பாயாது. அமெரிக்கச் சட்டத்தைவிட இது எவ்வளவோ மேல். இந்த நிபந்தனையை எழுதியவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

அதே பிரிவில் ஒரு முள்ளும் இருக்கிறது. இன்னொருவருக்காகப் பூட்டைத் திறந்து உதவுபவர், அவருடைய பெயர், முகவரி, பிற விவரங்கள் அனைத்தையும் முழுமையாகப் பதிவுசெய்து வைத்திருக்க வேண்டும். எங்கள் ஊர் சர்வீஸ் கடைக்காரர் அந்தப் பெண்ணுக்கு உதவ முன்வந்தால், அவர் ஒரு பதிவேடு போட வேண்டும். யார் போடுவார்கள்? “வேண்டாம் மேடம், எதுக்கு வம்பு” என்றுதான் சொல்வார்கள். உரிமை ஏட்டில் இருக்கிறது. அதைப் பயன்படுத்த உதவும் கை விலகிக்கொள்கிறது. சொந்த உபயோகத்துக்காக, முறையாக வாங்கிய படைப்பை ஓடவைக்க உதவுபவரை இந்தக் கட்டாயத்திலிருந்து விடுவிக்க வேண்டும். நார்வே எழுதியதைப் போன்ற ஒரு வாக்கியம் நம் சட்டத்திலும் ஏற வேண்டும்.

சட்டம் மாறும்வரை விற்பவர்கள் காத்திருக்கத் தேவையில்லை. 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளின் தரத்தையும் விலையையும் அறியும் உரிமையை வாங்குபவருக்கு அளித்திருக்கிறது. ஒரு வீடியோ வகுப்பு எந்த இயங்குதளத்தில் ஓடும், எத்தனை கணினியில் ஓடும், எத்தனை மாதம் ஓடும் என்பதைவிட முக்கியமான தரக் குறிப்பு அந்தப் பொருளுக்கு வேறு என்ன இருக்கிறது? அதை விளம்பரத்திலும் டப்பாவின் மேலும் விலைக்குப் பக்கத்திலேயே அச்சிடட்டும். நாற்பதாவது நிபந்தனையாக எங்கோ புதைத்து வைத்துவிட்டு, சீல் உடைந்ததும் கைவிரிப்பது நேர்மையான வியாபாரம் அல்ல. ஓடவில்லை என்றால் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பூட்டுக்குப் பதிலாக, வாங்கியவரின் பெயரையும் செல்போன் எண்ணையும் படத்தின் மேல் மெலிதாகப் பதிக்கும் முறை ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. பிரதி வெளியே போனால் யாரிடமிருந்து போனது என்று அது காட்டிக்கொடுக்கும். யார் கணினியையும் முடக்காது.

பொதுப்பணத்தில் உருவாகும் பாடங்களுக்கோ பூட்டே கூடாது. இதற்கு நல்ல முன்மாதிரி நம்மிடமே இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யை மையமாகக் கொண்டு இயங்கும் என்.பி.டி.இ.எல். வகுப்புகளை எந்தக் கணினியிலும் பார்க்கலாம், இறக்கியும் வைத்துக்கொள்ளலாம். தமிழக அரசு 2011-ல் மாணவர்களுக்கு இலவச லேப்டாப் தரத் தொடங்கிய காலத்தில், அவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னையிலுள்ள சி-டாக் மையம் உருவாக்கிய இயங்குதளம் அது. பொதுப்பணத்தில் ஓர் இயங்குதளத்தை உருவாக்கி, பொதுப்பணத்திலேயே அதை ஏழை மாணவர் கையில் கொடுத்துவிட்டு, அதில் ஓடாத பாடங்கள் சந்தையில் நிறைவதைப் பார்த்துக்கொண்டிருப்பது எந்த விதத்தில் நியாயம்?

அந்தப் பெண், அப்பா வேலைபார்க்கும் கடையில், இரவு கணக்கு முடித்த பிறகு பில் போடும் கணினியில் உட்கார்ந்துதான் வகுப்புகளைப் பார்த்தாள். தினமும் ஒன்றரை மணி நேரம். அப்பா வாசலில் ஸ்டூல் போட்டுக் காத்திருப்பார். கோப்புகளுக்கு ஒன்பது மாதக் கெடு. அது முடிந்தபோது இரண்டு பாடம் பாக்கி இருந்தது. மகனுக்கோ மகளுக்கோ இப்படி ஒரு வீடியோ வகுப்பை வாங்கப்போகிறீர்களா? பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள்: எங்கள் வீட்டுக் கணினியில் இது ஓடுமா, எத்தனை மாதம் ஓடும், ஓடாவிட்டால் பணம் திரும்ப வருமா? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எழுதித் தர மறுத்தால் வாங்காதீர்கள்.